சொல்லும் கருத்தும்: கட்டட ஒப்பந்தங்களின் வரலாறு

கட்டி முடித்த வீட்டை வாங்குபவர் கண்ணால் கண்டு வாங்குகிறார். கட்டித் தருமாறு ஒப்பந்தம் செய்பவரோ, இன்னும் உருப்பெறாத ஒன்றைச் சொற்களை நம்பிப் பெறுகிறார். பின்னர் வழக்கெழுந்தால், அச்சொற்களுக்கு எவ்வாறு பொருள் கொள்வது? இவ்வினாவுக்கு இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

கைவசம் இல்லாத பொருளை விற்றல் ஆகாது என்பது பிக்ஹின் பொதுவிதி. இதனை எழுத்துப் பிசகாமல் பொருத்தினால், காலணி ஒன்றைச் செய்து தரச் சொல்வதும் கூடாததாகிவிடும். எனவே ஹனபி மத்ஹபினர், மக்களின் தேவையையும் நெடுநாள் வழக்கத்தையும் கருதி, 'இஸ்திஹ்ஸான்' என்னும் நெறிப்படி இதற்கு விலக்களித்தனர். செய்பவரே மூலப்பொருளும் உழைப்பும் தந்தால் அது 'இஸ்திஸ்னா'. மூலப்பொருளை உடையவர் கொடுத்து உழைப்பை மட்டும் பெற்றால் அது 'இஜாரா' என்னும் கூலி ஒப்பந்தம். பத்திரத்தில் என்ன பெயர் எழுதினாலும், செயலின் இயல்பே அதன் வகையை முடிவு செய்யும்.

ஆனால் இஸ்திஸ்னா எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும்? ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) மறைந்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், செய்யச் சொன்னவர் பொருளைக் கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமையுடையவர் என்றார்கள். காணாமல் வாங்குபவருக்கு அது பாதுகாப்பு. அவர்களுடைய மாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்களோ, சொன்ன குறிப்புகளின்படி பொருள் அமைந்துவிட்டால் மறுக்க இயலாது என்றார்கள். ஒருவரின் அளவுக்கென்று வெட்டிய தோல் மற்றவர்க்குப் பயன்படாது. அந்த நட்டத்தைத் தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும்?

ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின் இக்கருத்து அரசின் சட்டமாயிற்று. அஹ்மத் ஜவ்தத் பாஷா தலைமையிலான குழு 1869 முதல் 1876 வரை தொகுத்த உதுமானிய 'மஜல்லா', 1851 விதிகளைக் கொண்டது. தொழிற்சாலைகளும் பீரங்கிகளும் நீராவிக் கப்பல்களும் ஒப்பந்தத்தின் பேரில் உருவாகும் காலத்தில், ஒருவர் விரும்பியபோது விலகலாம் என்றால் பெரும்பணிகள் நிலைகுலையும் என அக்குழு கருதியது. ஆகவே 392ஆம் விதி, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தரப்பாரும் விலக முடியாது என்றது. பொருள் வருணனைக்கு மாறுபட்டால் மட்டும் வாங்குபவர்க்கு விருப்புரிமை உண்டு.

சொற்களைப் படிக்கும் முறைக்கும் மஜல்லா இலக்கணம் வகுத்தது. ஒப்பந்தங்களில் நோக்கமும் கருத்துமே கருதப்படும், சொல்வடிவம் அன்று என்கிறது 3ஆம் விதி. எனினும் 12ஆம் விதி, சொல்லின் நேர்பொருளே அடிப்படை என நினைவூட்டுகிறது. நோக்கம் என்ற பெயரால் எழுதியதை மாற்றிவிட இடமில்லை. 43ஆம் விதியின்படி, வழக்கில் அறியப்பட்டது நிபந்தனையாக எழுதப்பட்டதற்கு ஒப்பாகும். 'நல்ல மரத்தில் கதவு' என்று மட்டும் எழுதியிருந்தால், அவ்வூர்த் தச்சர்கள் எதனை நல்ல மரம் என்கிறார்களோ அதுவே ஒப்பந்தமாகிவிடும்.

துருக்கி 1926இல் மஜல்லாவைக் கைவிட்டது. ஆயினும் அதே வினா எகிப்தில் வேறு வடிவில் தொடர்ந்தது. அப்துர் ரஸ்ஸாக் அஸ்ஸன்ஹூரி உருவாக்கிய 1948ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 150ஆம் பிரிவு, வாசகம் தெளிவாக இருப்பின் அதனை விட்டு விலகலாகாது என்றது. ஐயம் இருப்பின் சொல்லோடு நின்றுவிடாமல் இருதரப்பாரின் பொதுக்கருத்தைத் தேடவேண்டும் என்றது.

அதே சட்டம் ஒப்பந்தச் சொல்லுக்கு ஓர் எல்லையும் இட்டது. கட்டடம் முழுதாகவோ பகுதியாகவோ இடிந்தால், வரைந்து மேற்பார்த்த கட்டடக் கலைஞரும் கட்டிய ஒப்பந்தக்காரரும் பத்தாண்டுகள் சேர்ந்து பொறுப்பாவர். நிலத்தின் குறையே காரணமாயினும், உடையவரே இசைந்திருப்பினும் அப்பொறுப்பு நீங்காது. மேற்பார்வையின்றி வரைபடம் மட்டும் தந்தவர், அவ்வரைபடத்தின் குறைக்கே பொறுப்பாளி. பொறுப்பிலிருந்து விடுவிக்கும் வாசகத்தை எழுதினாலும் அது செல்லாது. பத்தாண்டுப் பொறுப்பு என்னும் கொள்கை 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து வந்தது. அதனை ஏற்க ஸன்ஹூரி தயங்கவில்லை.

1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, இஸ்திஸ்னா இருதரப்பாரையும் கட்டுப்படுத்தும் என்று தீர்மானித்தது. தாமதத்திற்கு இழப்பீடு பேசிக்கொள்ளலாம் என்றும், தடுக்கவியலாத இடர் நேர்ந்தால் அது பொருந்தாது என்றும் கூறியது.

வாங்குபவரின் அச்சமும் செய்பவரின் உழைப்பும் இவ்வரலாறு முழுவதும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டு வந்துள்ளன. பணம் பற்றிய பூசலைச் சொல்லும் வழக்கமும் தீர்த்துவிடலாம். கூரை விழுந்தால் அடியில் அகப்படுபவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவராக இருக்கவேண்டியதில்லை. அவருடைய உயிரை எந்த வாசகத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே அந்தப் பத்தாண்டு விதியின் பொருள்.