பால்குடி மறக்கும் நாள்

பெரும்பாணாற்றுப்படையில், பட்டினத்து உணவைச் சொல்லும் இடத்தில், ஒரு பன்றிக் குடும்பம் வருகிறது. கள் காய்ச்சும் பெண்கள் கழுவி ஊற்றிய நீர் தேங்கிய சேற்றில் தாய்ப்பன்றி குட்டிகளோடு புரளும். ஆண் பன்றியை மட்டும் குழியில் நிறுத்தி நெல்மாவு கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். படிக்கிறவர்கள் கண்ணில் அந்தக் குழிப் பன்றிதான் முதலில் படும். எனக்கு ஆர்வம் குட்டிகள் மேல்.

அந்தச் சேறு சும்மா இல்லை. குட்டிக்குத் தினமும் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம் அளவுதான். மிச்சம் மண்ணிலிருந்து வரணும். தளம் போட்ட கொட்டிலில் அடைத்த குட்டிகள் வெளிறிச் செத்ததற்கு இரும்புக் குறைவே காரணம் என்று 1920களில் ஸ்காட்லாந்தில் மெக்கவனும் கிரிக்டனும் காட்டினார்கள். இன்று பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் போடும் இரும்பு ஊசி அந்த மண்ணுக்கு மாற்று.

அடுத்தது பால். எங்க வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஓடையோரம் மேயும் நாட்டுப் பன்றியைப் பாருங்க, ஓரளவு வளர்ந்த குட்டியும் தாய் பின்னாலேயே ஓடும். தன்போக்கில் விட்டால் பால்குடி மறக்க 10 முதல் 17 வாரம் ஆகும். நவீனப் பண்ணையில் 3, 4 வாரத்தில், ஒரே நாளில் பிரித்துவிடுகிறார்கள்.

ஏன் இந்த அவசரம்? கணக்கு போட்டுப் பார்த்தேன். சினைக்காலம் 114 நாள். பிரித்தபின் மறுபடி பருவத்துக்கு வர சுமார் 6 நாள். 56 நாளில் பிரித்தால் ஆண்டுக்கு 2.07 ஈத்து, 21 நாளில் பிரித்தால் 2.59. அரை ஈத்து லாபம், அவ்வளவுதான் விஷயம்!

அந்த அரை ஈத்துக்குக் குடல் பதில் சொல்லணும். பாலோடு வந்த நோய் எதிர்ப்பு நின்றுபோகும்; குட்டியின் சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வந்திருக்காது. வயிற்றில் அமிலம் போதாது, புதுத் தீவனம் செரிக்காது, ஈ.கோலை பெருகிக் கழிச்சல் வரும். அதை அடக்கத்தான் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் போனது. ஸ்வீடன் 1986இல் வளர்ச்சிக்காக அதைக் கலப்பதைத் தடை செய்தபோது முதலில் பிரிந்த குட்டிகளிடம் கழிச்சல்தான் கூடியது. பிறகு கொட்டிலையும் பிரிக்கும் வயதையும் திருத்தினார்கள். மற்ற ஐரோப்பிய நாடுகளில் துத்தநாக ஆக்சைடைப் பிடித்துக்கொண்டார்கள். 2022 ஜூனில் அதுவும் போனது. சீனாவில் கொலிஸ்டினைக் கொடுத்தார்கள். அதற்கு அடங்காத எம்சிஆர்-1 மரபணு அங்கே பன்றிகளில் கிடைத்த செய்தி 2015 நவம்பரில் வந்தது. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

தமிழ்நாட்டில் வெண்பன்றிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பிரிக்கும் வயது 6 முதல் 8 வாரம். இதைப் பின்தங்கிய பழக்கம்னு சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 21 நாளில் பிரிக்க வெதுவெதுப்பான தனிக் கொட்டில் வேணும், பால் பொருள் கலந்த ஆரம்பத் தீவனம் வேணும். ஹோட்டல் மிச்சத்தை நம்பி ஓடும் சின்னப் பண்ணையில் இரண்டும் இருக்காது. அங்கே அந்தத் தேதியை மட்டும் காப்பியடித்தால் இடைவெளியை மருந்துதான் நிரப்பும்.

செலவில்லாமல் செய்யக்கூடியதும் இருக்கு. குட்டிகளை மாற்றாமல் தாயை மட்டும் வேறு கொட்டிலுக்குக் கொண்டுபோகலாம். வேறு ஈத்துக் குட்டிகளை அன்றைக்கே கலந்தால் யார் பெரியவன்னு கடித்துச் சண்டை போடும், அதைத் தள்ளிப்போடலாம். தீவனத்தை மூன்றாம் வாரத்திலிருந்தே பழக்கிவிடலாம். மலையடிவாரத்தில் ஐப்பசி, கார்த்திகைக் குளிர்காற்றுக்கு ஒரு சாக்கு மறைப்பும் காய்ந்த வைக்கோலும் போதும்.