இருபதாயிரம் செல்களின் ஒரே நாள்

ஹாம்ஸ்டர் உள்ளங்கையில் அடங்கும் குட்டைவால் எலி. சக்கரம் வைத்த கூண்டில், விடிவதும் அடைவதும் தெரியாத இருட்டில் விட்டாலும், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஓடத் தொடங்கிவிடும். சக்கரத்தின் சுற்றுகள் காகிதத்தில் கோடுகளாகப் பதியும். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனாக்கரும் அப்படிப் பதிந்த காகிதங்களில் ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. அந்த எலிக்கு ஒரு நாள் என்பது 22 மணி நேரம்! அதன் வம்சத்தில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பெற்ற குட்டிகளுக்கோ 20 மணி நேரம்தான். 1988இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

உடலின் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பது அதற்கு முன்பே, 1972இல், தெரிந்துவிட்டது. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, இடமும் வலமுமாக இரண்டு சின்னஞ்சிறு செல் கொத்துகள். மொத்தம் சுமார் 20,000 செல்கள். சுப்ராகியாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்று பெயர். அதைச் சிதைத்தபோது எலிகளுக்குப் பகல் இரவு என்ற கணக்கே போய்விட்டது. தண்ணீர் குடிப்பதும் நடமாடுவதும் வேளைகெட்ட வேளையில் நடந்தன.

ஆனாலும் கடிகாரம் அங்கேதான் ஓடுகிறதா, இல்லை வேறெங்கோ ஓடும் கடிகாரத்தின் கம்பி அங்கே அறுந்ததா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. 1990இல் அந்த 20 மணி நேர எலிகள் அதைத் தீர்த்து வைத்தன. கொத்து நீக்கப்பட்ட சாதாரண எலியின் மூளையில், அவற்றின் கருவிலிருந்து எடுத்த கொத்தைப் பொருத்தினார்கள். தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்த எலி மறுபடி ஒழுங்காக ஓடியது, 20 மணி நேரத்துக்கு ஒருமுறை. உடல் ஒன்றுடையது, நாள் இன்னொன்றுடையது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன வேறொரு சோதனையை நான் படித்ததில்லை.

அடுத்த வியப்பு 1995இல் வந்தது. இந்தச் செல்களைப் பிரித்து மின்முனைகள் பதித்த தட்டில் வளர்த்தபோது, பல செல்கள் தனித்தனியே கடிகாரங்களாக இருந்தன. ஒரு செல் உச்சத்தில் துடிக்கும்போது பக்கத்துச் செல் அடங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். அப்படியானால் மூளைக்குள் அவற்றை ஒன்றுசேர்ப்பது எது?

பெரும்பங்கு வி.ஐ.பி. என்ற சிறு புரதத் துணுக்குக்கு உரியது. முதலில் பன்றியின் குடலில் கண்டெடுத்த பொருள் அது. கொத்தின் ஒரு பகுதிச் செல்கள் அதைச் சுரந்து மற்றவற்றுக்கு அனுப்புகின்றன. அது இல்லாத சுண்டெலிகளில் பல செல்கள் தாளத்தையே இழந்தன. மிச்சமிருந்தவை ஆளுக்கொரு திசையில் போயின. 2005இல் வந்த முடிவு இது.

தனியே விட்டால் மனிதக் கடிகாரத்தின் நாள் சராசரியாக 24 மணி 11 நிமிடம். மிச்சமாகும் அந்த நிமிடங்களை அன்றாடம் நேர்செய்வது, கண் வழியே அந்தக் கொத்துக்குப் போகும் காலை வெளிச்சம்தான். எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.