பாலாடை இறைச்சியும் பரிமாறும் முறையும்

ஒரு செய்தியை ஏற்குமுன், அதனை அறிவித்தவர் யார், எக்காலத்தில் அறிவித்தார் என ஆராய்வது நம் முன்னோர் வகுத்த நெறியாகும். உணவைப் பற்றிய செய்திக்கும் அந்நெறி பொருந்தும். மாட்டிறைச்சியைப் புளித்த பாலாடைக் குழம்பில் கலந்து நூடுல்ஸ் மீது பரிமாறும் ‘ஸ்ட்ரோகனோவ்’ என்னும் உணவை இங்கு எடுத்துக்கொள்வோம்.

பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய பிரெஞ்சுச் சமையற்காரர் ஒருவர் 1891இல் இதனைப் படைத்துப் பரிசு பெற்றார் என்பது பரவலான கதை. ஆயின், எலேனா மொலொகோவெத்ஸ் என்னும் ருஷ்ய அம்மையார் 1861இல் முதன்முதல் வெளியிட்ட சமையல் நூலின் 1871ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இவ்வுணவு இடம்பெற்றுள்ளது. இருபது ஆண்டுகள் முந்திய அச்சுச் சான்றின் முன் அக்கதை நிற்கமாட்டாது. பெயர் ஸ்ட்ரோகனோவ் என்ற செல்வப் பிரபுக் குடும்பத்திற்குரியது. அடுப்படியில் நின்று ஆக்கிய கைகளின் பெயரோ ஏட்டில் ஏறவில்லை.

அம்மையாரின் முறை மிக எளியது. இளம் இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் ஆல்ஸ்பைஸ் என்னும் வாசனைப் பொருளும் தூவி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெண்ணெயில் மாவை இலேசாக வறுத்து, இறைச்சிச் சாறு ஊற்றி, சரெப்தா ஊரின் கடுகு விழுதையும் சிறிது மிளகையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். பரிமாறுமுன் அதில் இரண்டு கரண்டி புளித்த பாலாடை கலந்து, வெண்ணெயில் பொரித்த இறைச்சியை இட்டு, ஒரு கொதியில் இறக்கிவிட வேண்டும். வெங்காயம் இல்லை, காளான் இல்லை, நூடுல்ஸும் இல்லை.

மதுவும் இல்லை என்பது நம் இல்லங்கள் கருதத்தக்கது. பிற்காலச் செய்முறைகள் சிலவற்றில் மது புகுந்தது. அதனை விலக்கினால் உணவின் மூலம் சிதையும் என்பாருக்கு 1871ஆம் ஆண்டு நூலே விடையாகும். பின்னர் வந்ததை விலக்குவோர் மூலத்தைச் சிதைத்தவர் ஆகார்.

பரிமாறும் முறையும் நாட்டுக்கு நாடு மாறிற்று. 1912ஆம் ஆண்டு ருஷ்யக் குறிப்பொன்று வெங்காயத்தையும் தக்காளி விழுதையும் சேர்த்து, ஈர்க்குப்போல் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கைத் துணையாக்கிற்று. அதுவே ருஷ்யரின் மரபாக நிலைத்தது. அமெரிக்கர் முட்டை சேர்த்த அகன்ற நூடுல்ஸைத் தேர்ந்தனர். பிரேசில் மக்கள் சோற்றையும் பொரித்த கிழங்கையும் ஒருசேர வைத்தனர்.

இத்துணைப் பொருள்கள் வெறும் ஒப்பனையல்ல. குழம்பு கொழுப்பும் புளிப்பும் உடையது. நூடுல்ஸும் சோறும் அதனை ஏந்தி உறிஞ்சுகின்றன. பொரித்த கிழங்கோ மென்மைக்கு எதிராக மொறுமொறுப்பைத் தருகின்றது. மேலே தூவும் பார்ஸ்லி அல்லது சதகுப்பைத் தழை, பழுப்பு நிறத்திற்குப் பசுமையும் கனத்த சுவைக்குத் தெளிவும் கூட்டுகின்றது. பாலாடையைச் சேர்த்தபின் நெடுநேரம் கொதிக்கவிட்டால், வெப்பமும் புளிப்பும் சேர்ந்து அதனைத் திரித்துவிடும். ஆகவே நூடுல்ஸை முன்னரே வேகவைத்து வடித்து வைத்துக்கொண்டு, இறுதியில் பாலாடை கலந்து, சூடு ஆறுமுன் பரிமாறித் தழையைத் தூவுவதே முறை.

ஓர் உணவு நாடு கடக்கும்போது கூடுவன கூடும், குறைவன குறையும். அதில் தவறில்லை. மூலம் எது, சேர்க்கை எது எனப் பகுத்தறிந்து ஏற்பதே நமக்கு அழகாகும்.