குளோரியாஸ் ரொமான்ஸ்: ஊமைப்படத் தொடரும் கரிசல் நாடும்

குளோரியாஸ் ரொமான்ஸ் 1916இல் அமெரிக்காவில் வெளிவந்த ஊமைப்படத் தொடர். 20 பகுதிகள் கொண்டது. ஜார்ஜ் கிளைன் தயாரித்தார். எழுத்தாளர் ரூப்பர்ட் ஹியூஸும் அவர் மனைவியும் கதை எழுத, நாடக மேடையில் புகழின் உச்சியில் இருந்த பில்லி பர்க் நாயகியாக நடித்தார். ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் விடுமுறையைக் கழிக்கும் குளோரியா ஸ்டாஃபோர்டு என்ற பணக்கார வீட்டுப் பெண், இரவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிக் கடலலைக்குள் ஓட்டிவிடுகிறாள். பிறகு சதுப்புக்காட்டில் வழி தவறுகிறாள். அவள் மனம் கொடுத்தவன் கொல்லப்பட, கொலையாளியைத் தேடும் துப்பறியும் கதையாகத் தொடர் திசை மாறுகிறது. இசையமைப்பாளர் ஜெரோம் கெர்ன் இதற்கென்றே தனி இசை அமைத்தார். நாயகியின் உடைகளைப் பேர்பெற்ற தையலகங்கள் தைத்தன. இவ்வளவு செலவழித்தும் எதிர்பார்த்த வசூல் வரவில்லை. இன்று இதன் படச்சுருள்கள் கிடைப்பதில்லை.

பெண்ணை நாயகியாக்கிய இத்தகைய படத்தொடர்களுக்கு உயிர் கொடுத்தது கதையைவிட அது வந்துசேர்ந்த முறைதான். 1912இல் எடிசன் நிறுவனத்தின் வாட் ஹேப்பன்டு டு மேரி, ஒரு பெண்கள் இதழில் கதையாகவும் திரையில் படமாகவும் ஒரே காலத்தில் வந்தது. 1914இன் தி பெரில்ஸ் ஆஃப் பாலின் தொடருக்கும் செய்தித்தாள் துணை நின்றது. அதே ஆண்டில் வந்த ‘அவர் மியூச்சுவல் கேர்ள்’ (Our Mutual Girl) என்ற தொடர், நியூயார்க்கின் கடைகளையும் பிரமுகர்களையும் நாயகியோடு சேர்த்து 52 வாரங்கள் காட்டியது. ஆக, இத்தொடர்கள் பிழைக்க மூன்று வேண்டும்: ஒரே ஊரில் நிலையாக நிற்கும் அரங்கு, வாரம் தவறாமல் வந்துசேரும் பெட்டி, இரண்டு வாரங்களுக்கு இடையே ஆவலைக் காத்துவைக்கும் அச்சு. செல்வச் சீமாட்டியின் காதல் கதை தமிழ்நாட்டில் படத்தொடராக வேர் பிடிக்காததற்குக் காரணம் ரசனை வேறுபாடு என்பதைவிட, இம்மூன்றும் இங்கே ஒருசேர அமையாததே எனலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வைத்து இதைச் சோதிக்கலாம். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இந்த மானாவாரிக் கரிசல் பூமியில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் வெள்ளாமை. பருத்தியும் மிளகாயும் வீடு வந்த பிறகே சம்சாரி கையில் காசு புழங்கும். ரயில் விருதுநகரோடு சரி. அங்கிருந்து அருப்புக்கோட்டைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இவ்வூரில் தண்டவாளம் போடப்பட்டது 1960களில்தான். திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கித் தொடங்கிவைத்த ஊர் ஊராகப் போகும் கூடாரக் காட்சிதான் இத்தகைய ஊர்களுக்கு ஏற்ற முறை. அதில் படம் இருந்த இடத்திலேயே இருக்க முடியாது. ஆள் தீர்ந்ததும் கூடாரம் பிரியும். பகுதிக்கு இரண்டு ரீல் என்றால் குளோரியாவின் கதை முழுவதற்கும் 40 ரீல் வேண்டும். கையிலிருக்கும் சில பெட்டிகளை ஊர் மாற்றி ஊர் ஓட்டிப் பிழைக்கும் கூடாரக்காரருக்கு இது கட்டுபடியாகாத சரக்கு.

அருப்புக்கோட்டை வெறும் சம்சாரிகளின் ஊரன்று, தறி ஊர். நெசவாளிக்கு ஆண்டு முழுவதும் கூலி உண்டே என்று கேட்கலாம். உண்மைதான், வாரச் சீட்டுக்குக் காசு கொடுக்க ஆள் இருந்திருப்பார்கள். ஆனால் பார்க்க ஆள் இருப்பது பாதி. படம் வாராவாரம் வந்துசேர்வது மறுபாதி. அமெரிக்கத் தொடர்கள் இந்தியாவில் சக்கைபோடு போட்டனவே என்பது இன்னொரு மறுப்பு. நடிகர் எடி போலோவின் சாகசத் தொடர்களுக்கு இங்கே பெரிய கூட்டம் இருந்தது மெய். அவற்றில் குத்தும் ஓட்டமும் கண்ணுக்கே விளங்கும். ஒரு பகுதி தவறினாலும் அடுத்ததைப் பார்க்கலாம். குளோரியா யாரிடம் மனம் கொடுத்தாள், ஏன் ஐயப்பட்டாள் என்பதோ எழுத்து அட்டைகளில்தான் தெரியும். அந்த அட்டைகளைத் திரையருகே நின்று உரக்கச் சொல்லி விளக்க ஆள் வைத்த காலம் அது. பாய்ந்து வரும் குதிரைக்கு அவர் குரல் போதும். மனசுக்குள் நடப்பதற்குப் போதாது.

மனசுக்குள் நடக்கும் அந்தக் கதைக்கு இங்கே இடம் கொடுத்தது இதழ். நாவலாசிரியர் வை. மு. கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினி இதழை ஏற்று, தம் முதல் நாவலான வைதேகியை அதில் தொடராக வெளியிட்டார். குடும்பம், காதல், மர்மம் கலந்த நாவல்களை அவர் நூற்றுக்கு மேல் எழுதினார். நாற்பது ரீல் பெட்டிகள் போக முடியாத ஊருக்கும் தபால்காரர் போவார். 1931 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவே. அப்படியிருக்க இதழால் எத்தனை பேரை எட்டியிருக்க முடியும் என்ற ஐயம் நியாயமானது. எனினும் அரங்கில் ஒரு பகுதியைத் தவறவிட்டால் போனது போனதுதான். இதழோ கைமாறும், எடுத்துவைக்கப்படும், ஒருவர் வாசிக்க நாலு பேர் கேட்க இடம் தரும். எண்ணிக்கை குறைவானாலும் தொடர்ச்சி அறாது. தொடருக்கு வேண்டியது அதுதான்.

தமிழ்த் திரை இந்தக் கதைகளைத் தொடராக்காமல் முழுப்படமாக்கியதும் இதற்குச் சான்று. கோதைநாயகியின் அனாதைப் பெண் நாவலை ஜூபிடர் நிறுவனம் 1938இல் ஒரே பேசும்படமாக எடுத்தது. அதற்கு முன்பே, 1936இல், நடிகை டி. பி. ராஜலட்சுமி தம் கமலவல்லி நாவலை மிஸ் கமலா என்ற பெயரில் படமாக்கித் தாமே இயக்கினார். இரண்டிலும் கதை அச்சில் பிறந்து, ஒரே இருப்பில் பார்க்கும் படமாகத் திரைக்கு வந்தது. வீட்டுக்கு வீடு மின்சாரமும் தொலைக்காட்சிப் பெட்டியும் வந்த பிறகே, ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தி நாள்தோறும் கதையை நீட்டும் தொடர் தமிழில் படமாக வேரூன்றியது. ஆகவே, 1920கள் முதல் தொலைக்காட்சி பரவும்வரை தமிழில் தொடர் நாயகியின் வரலாற்றைத் தேடுபவருக்குத் திரையரங்கப் பட்டியல்களைவிட இதழ்களின் பழைய தொகுதிகளைப் புரட்டுவதே பயன் தரும்.