கலப்பு வாகனத்தில் மின்னோடியின் தகு அளவு

1. வரையறை

எரிபொருள் எஞ்சினும் மின்னோடியும் தனித்தோ கூடியோ சக்கரத்தை இயக்கும் ஊர்தியைக் கலப்பு வாகனம் என்கிறோம். மின்னோடியின் ‘அளவு’ இரு பொருளில் வழங்குகிறது. ஒன்று, கிலோவாட்டில் குறிக்கும் உச்சத் திறன். மற்றொன்று பருமன், அதாவது இரும்பு, செம்பு, காந்தம் ஆகியவற்றின் எடையும் அவை அடைக்கும் இடமும். விளம்பரங்கள் முதலாவதைப் பேசும். விலையைத் தீர்மானிப்பதில் இரண்டாவதற்கே பெரும்பங்கு உண்டு என்பதால் நாம் அதை ஆராய்கிறோம்.

2. பருமனின் காரணம்

சுழலியின் மேற்பரப்பில் எழும் தொடுவிசைக்கு இரும்பின் காந்தச் செறிவும் கம்பிச்சுருளின் வெப்பமும் எல்லை வகுக்கின்றன. குளிர்விக்கும் முறை மாறாதவரை, சுழலியின் கனஅளவு முறுக்குவிசையை ஒட்டியே வளரும். திறன் என்பதோ முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கி வருவது. வேகத்தை இரட்டித்தால் அதே திறனுக்குப் பாதி முறுக்குவிசை போதும். மின்னோடியும் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும்.

3. தேவையின் வகைகள்

முதலாவது ஏற்றம். 1,400 கிலோ எடையுள்ள கார் 30 விழுக்காட்டுச் சரிவில் ஏற, 0.3 மீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் சுமார் 1,180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும்.

இரண்டாவது, பிரேக் போடுகையில் ஆற்றலை மீட்பது. அதே காரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 6 விநாடியில் சீராக நிறுத்தினால், தொடக்கக் கணத்தில் 45 கிலோவாட் வெளிப்படும். அதை முழுதும் ஏற்கப் பெரிய மின்னோடியை வைத்துப் பயனில்லை. பேட்டரி அவ்வளவையும் வாங்காது.

அப்படியானால் பேட்டரியின் திறனே மின்னோடிக்கு வரம்பா? எல்லா அமைப்பிலும் அல்ல. 2003-இல் வந்த டொயோட்டா பிரியஸில் எஞ்சின் 57 கிலோவாட், அமைப்பின் மொத்தத் திறன் 82 கிலோவாட். பேட்டரியின் பங்கு 25 மட்டுமே. ஆயினும் மின்னோடி 50 கிலோவாட். அந்த அமைப்பில் எஞ்சின் திறனின் ஒரு கூறு மின்னாக்கி வழியே மின்சாரமாகி மின்னோடியை அடைகிறது. அதையும் தாங்குமளவுக்கு மின்னோடி இருந்தாக வேண்டும். பேட்டரியை மட்டும் பார்த்து அளவு குறிப்பவர் தவறுவது இவ்விடத்தில்தான்.

1999-இல் வந்த ஹோண்டா இன்சைட்டில் இச்சிக்கல் இல்லை. அங்கே எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே செருகிய 10 கிலோவாட் மின்னோடி எஞ்சினுக்குக் கைகொடுப்பதோடு சரி.

4. பிரியஸ் காட்டும் வழி

2003 மாதிரியில் மின்னோடி 400 நியூட்டன் மீட்டர் தந்தது. இறுதிப் பற்சக்கர விகிதம் 4.113 என்பதால், இழப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், சக்கரத்தில் சுமார் 1,645. 2009 மாதிரியின் மின்னோடி தந்தது 207 மட்டுமே. ஆனால் அதற்கெனத் தனியே ஒரு குறைப்புப் பற்சக்கரத் தொகுதி சேர்ந்தது. அதன் விகிதம் 2.636. இறுதி விகிதம் 3.267-உடன் பெருக்கினால் 8.61. சக்கரத்தை அடைவது சுமார் 1,780. முறுக்குவிசை பாதியாகக் குறைந்த மின்னோடி, சக்கரத்தை முன்னிலும் வலுவாகச் சுழற்றியது.

5. எல்லை

வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. 2009 மின்னோடி நிமிடத்துக்கு 13,500 சுற்று வரை சென்றது. மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியாக ஏறும். காந்தங்களைப் பிடித்திருக்கும் மெல்லிய எஃகுப் பாலங்கள் அதைத் தாங்க வேண்டும். அதிர்வெண் கூடுவதால் இரும்பிழப்பும் கூடும். மின்னோடியே தூண்டும் எதிர்மின்னழுத்தமும் வேகத்தோடு வளரும். அமைப்பின் உச்ச மின்னழுத்தம் 500 வோல்ட்டிலிருந்து 650-க்கு உயர்ந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2015-இன் நான்காம் தலைமுறையில் வேகம் 17,000 சுற்றானது. முறுக்குவிசை 163-க்கும், திறன் 60 கிலோவாட்டிலிருந்து 53-க்கும் இறங்கின. கிலோவாட்டை மட்டும் எண்ணுவோர் இதைப் பின்னடைவு என்பர். நம் கணக்கில் அது தேர்ந்த முடிவு.