கவுண்ட் எத்தனை?

2017இல் கொட்டாஞ்சேனையில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். யாராவது காய்ச்சல் எண்டு படுத்தால், சுகம் விசாரிக்க வாறவை முதலில் கேட்டது "கவுண்ட் எத்தனை?" எண்டுதான். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டில் பப்பாசி இலை அரைபடும். அந்த ஒரு வருடத்தில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். விஞ்ஞானப் புத்தகத்தில் 'குருதிச் சிறுதட்டு' எண்டு பாடமாக்கின சாமான், குறையக்கூடாத ஓர் இலக்கமாக எங்களுக்குப் பழகினது அப்படித்தான். (டெங்குவில் வைத்தியர்கள் கூடுதலாகப் பயப்படுவது, குருதித் திரவவிழையம் கசிந்து சுவாசப்பையைச் சுற்றித் தேங்குவதற்கு. அதைப் பற்றி ஒருவரும் விசாரித்ததில்லை.)

அந்த இலக்கத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. 1882இல் இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிஸ்ஸோஸேரோ, உயிருள்ள விலங்கின் குருதிக்குழாயை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். காயப்பட்ட இடத்தில் முதலில் வந்து ஒட்டினவை இந்தச் சின்னத் தட்டுக்கள். அதுவரைக்கும் பலர் இவற்றை உடைந்த துணிக்கைகள் எண்டே நினைத்திருந்தார்கள். பிறகும் பல காலம் இவற்றின் வேலை அடைப்பது மட்டும்தான் எண்டு நம்பப்பட்டது.

1974இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ரஸல் ராஸ் குழுவினர் குரங்கின் நாடிச் சுவர்க் கலங்களை வளர்த்துப் பார்த்தார்கள். உறைந்த இரத்தத்தின் சீரத்தில் கலங்கள் பெருகின. சிறுதட்டு நீக்கிய திரவத்தில் பெருகவில்லை. சிறுதட்டைச் சேர்த்தால் திரும்பப் பெருகின. அதாவது அடைக்க வந்தவை, திருத்த வேலைக்கும் ஆள் கூப்பிடுகின்றன.

பி.ஆர்.பி. நிற்பது இந்த இடத்தில். நோயாளியின் சொந்த இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, சுழற்றி, சிறுதட்டு செறிந்த பகுதியைப் பிரித்துக் காயத்தில் போடுவது. 1998இல் ரொபர்ட் மார்க்ஸ் தாடை எலும்பு ஒட்டுக்குப் பாவித்ததோடு இது பிரபலமானது. பிறகு விளையாட்டு வீரர்களின் முழங்கால், பிறகு தலைமுடி. விளம்பரங்களைப் பார்த்தால் மனிதகுலத்தின் ஒரே காயம் வழுக்கைதான் போல.

நியாயமான தேவை தொண்டைக்குக் கீழே இருக்கு. செயற்கைச் சுவாசத்துக்காக வாதனாளிக்குள் நாள்கணக்கில் குழாய் இருந்தால், அதைப் பிடித்து வைக்கும் சின்னப் பலூன் உட்சுவரை நெரிக்கும். அங்க இரத்த ஓட்டம் குறையும், புண் வரும். புண் தழும்பானால் மூச்சுப்பாதை ஒடுங்கிப் போகும். வாதனாளிக் கசியிழையத்துக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லாதபடியால் தானாக ஆறுவதும் மெதுவு. அதனால்தான் விலங்குகளின் வாதனாளியிலும் மனிதரின் குரல்நாண் தழும்பிலும் பி.ஆர்.பி.யைப் பரீட்சித்தார்கள். முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனா ஆய்வுகள் சின்னவை. முடிக்கு விற்கிற வேகத்தில் இதை மூச்சுக்கு விற்கக்கூடாது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

ஒரு விசித்திரம்: எங்கட வீடுகளில் பப்பாசி இலை அரைபட்ட அதே 2017இல்தான், எலிகளின் சிறுதட்டுக்களில் ஏறத்தாழ அரைவாசி சுவாசப்பையிலேயே உருவாகிறது எண்டு கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள்.

பி.ஆர்.பி. சொந்த இரத்தத்தால் சொந்தக் காயத்தை ஆற்றும் வழி. இரத்தம் ஓடிப் போய்க்கொண்டிருப்பவரிடம் எடுக்க என்ன மிச்சம்? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது எங்கட தெருக்களுக்குத் தேவைப்பட்டது மற்றவரின் இரத்தம். நாரஹேன்பிட்டி இரத்த வங்கிக்கு முன்னால சனம் வரிசையில நிண்டது. நாங்கள் அப்ப பள்ளிக்கூடப் பிள்ளைகள், பதினெட்டு ஆகவில்லை. டிவியில் பார்த்தம்.

அந்த வரிசையைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எழுதாத ஒண்டு: செங்குழியம் குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கும். சிறுதட்டு அப்படியில்லை. 20 முதல் 24 பாகை வெப்பநிலையில், ஓயாமல் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான். அண்டைக்குக் கொடுத்த சிறுதட்டு அடுத்த ஞாயிறுக்கு இல்லை.

2014 முதல் இலங்கையில் சேரும் இரத்தம் முழுவதும் காசு வாங்காதவர்கள் கொடுப்பது. இப்ப எங்களுக்கும் வயது வந்துவிட்டது. போன முறை நாலு பேர் போனம். ஹீமோகுளோபின் 12.5 இல்லை எண்டு ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் இப்ப கீரை சாப்பிடுறாள். மற்ற மூண்டு பேருக்கும் நாலு மாதம் முடிய இன்னும் ஆறு கிழமை இருக்கு.