மூச்சால் உருவாகும் பாத்திரங்கள்: இன்றைய கண்ணாடிக் கலைஞர்கள் – ஓர் அறிமுகம்

கண்ணாடி நம் வீடுகளில் எங்கும் நிறைந்திருக்கிறது. தண்ணீர் டம்ளர், ஊறுகாய் ஜாடி, அத்தர் குப்பி, ஜன்னல், கைபேசித் திரை என எல்லாமே இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டு வருகின்றன. ஆனால் இதே கண்ணாடியை உலையின் முன் நின்று, மூச்சை ஊதி, ஒரே ஒரு பாத்திரமாகச் செய்கிறவர்களும் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் ஜாடிகளும் கிண்ணங்களும் சிற்பங்களும் அருங்காட்சியகங்களில் இடம்பெறுகின்றன. அதேவேளை, இந்தக் கலை பிறந்த மண்ணில் அதன் கடைசி உலைகள் அணையும் நிலையில் உள்ளன. இவ்விரண்டையும் சேர்த்து அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடி எப்படி ஊதப்படுகிறது?

கண்ணாடியின் மூலப்பொருள் மணல். மணலில் உள்ள சிலிக்கா தனியாக உருக மிக அதிக வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைக் குறைக்கச் சோடா உப்பும், உருகியது நீரில் கரையாமல் உறுதியாக நிற்கச் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். கோபால்ட் சேர்த்தால் அடர்நீலமும், இரும்பு சேர்த்தால் பச்சையும், மிகச் சிறிதளவு தங்கம் சேர்த்தால் மாணிக்கச் சிவப்பும் கிடைக்கும்.

உலையில் கண்ணாடி தேன் பதத்தில் இருக்கும். ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவான இரும்புக் குழலின் முனையில் அதைச் சுற்றி எடுத்து, மறுமுனையிலிருந்து ஊதினால் உள்ளே ஒரு குமிழ் உருவாகும். அந்தக் குமிழ்தான் பிறகு கிண்ணமாகவும் குடுவையாகவும் மாறுகிறது. குழலைச் சுற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாலும் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். எனவே கை ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நனைத்த மரக் கரண்டி, பெரிய இடுக்கி, பல மடிப்பாக மடித்து நனைத்த செய்தித்தாள் ஆகியவைதான் வடிவம் கொடுக்கும் கருவிகள். செய்தித்தாளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆயிரம் டிகிரி சூட்டில் ஒளிரும் கண்ணாடியை அப்படியே தடவி உருட்டுவார்கள்.

வேலை முடிந்ததும் பாத்திரத்தை வெளியே வைத்துவிட முடியாது. வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுக, உட்புறம் சூடாகவே இருக்கும். அந்த இழுபறியில் பாத்திரம் தானாகவே வெடித்துவிடும். ஆகவே சுமார் 500 டிகிரி வெப்பமுள்ள வேறோர் உலையில் வைத்து, பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். கனமான வார்ப்புச் சிற்பங்கள் ஆறுவதற்கு வாரக்கணக்கில்கூட ஆகும்.

பிறப்பிடம் நம் வரலாற்று நிலம்

ஊதுகுழல் கொண்டு கண்ணாடி செய்யும் முறை, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு ஷாம் பகுதியில், அதாவது இன்றைய சிரியா, லெபனான், பலஸ்தீனக் கரையோரங்களில் தோன்றியது என்பது ஆய்வாளர்களின் முடிவு. முஸ்லிம்களின் ஆட்சிக்காலத்தில் இக்கலை மேலும் உயர்ந்தது. தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதும் பருகுவதும் மார்க்கத்தில் தடுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். முஸ்லிம் நாடுகளில் கண்ணாடியும் மட்பாண்டமும் இவ்வளவு அழகாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கலை வரலாற்று ஆசிரியர்கள் கூறுவதுண்டு.

திருக்குர்ஆனில் கண்ணாடி இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. ஒன்று, ஸுலைமான் (அலை) அவர்களின் மாளிகையின் கண்ணாடித் தளம் பற்றிய அந்நம்ல் அத்தியாயத்தின் 44ஆம் வசனம். மற்றொன்று, கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கை உவமையாக எடுத்துக்காட்டும் அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனம். 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான்கள் கெய்ரோவின் பள்ளிவாசல்களுக்குச் செய்வித்த கண்ணாடி விளக்குகள் பலவற்றின் கழுத்தில் இந்த இரண்டாவது வசனம்தான் நீல எனாமலில் எழுதப்பட்டிருக்கும். விளக்கை ஏற்றியதும் வசனத்தின் பொருளே கண்ணெதிரில் ஒளிரும். லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இன்றும் அவற்றைக் காணலாம்.

பிறகு காற்று திசைமாறியது. வெனிஸ் நகரம் 1291இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. தீ விபத்தைத் தவிர்ப்பது இதற்கான காரணமாகச் சொல்லப்பட்டது. தொழில் ரகசியம் வெளியேறாமல் காப்பதற்கும் அது உதவியது. ஷாம் நாட்டுக் கைவினைஞர்களிடமிருந்து பலவற்றைக் கற்றுக்கொண்ட முரானோவிடமே, 1569இல் உஸ்மானியப் பிரதம வஸீர் சோகுல்லு முஹம்மது பாஷாவுக்காக 900 பள்ளிவாசல் விளக்குகள் கேட்கப்பட்டன. கற்றுக் கொடுத்தவர்கள் வாங்குவோராக மாறிவிட்டதற்கு இந்த ஒரு செய்தியே போதுமான சான்று.

தொழிற்சாலையிலிருந்து கலைக்கூடத்துக்கு

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கண்ணாடி என்றால் தொழிற்சாலைதான். ஓவியர் வடிவத்தை வரைந்து கொடுப்பார், தொழிலாளி செய்வார். ஒரு தனிக் கலைஞர் தன் சொந்தக் கூடத்தில் உலை வைத்துக் கண்ணாடி ஊத முடியும் என்பதைப் பெரும்பாலோர் நம்பவில்லை.

இதை மாற்றியவர் அமெரிக்கரான ஹார்வி லிட்டில்டன். அவருடைய தந்தை, பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரத்தின் உருவாக்கத்தில் பங்காற்றிய விஞ்ஞானி. மகனோ விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை ஆசிரியர். 1962இல் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு சிறிய உலையை அமைத்து அவர் பயிற்சிப் பட்டறை நடத்தினார். முதலில் உருக்கிய கண்ணாடி ஊதவே வரவில்லை. கண்ணாடி இழை நிறுவனமொன்றில் ஆய்வாளராக இருந்த டொமினிக் லாபினோ, எளிதில் உருகும் கண்ணாடிக் கோலிகளைக் கொடுத்து உதவினார். ஓய்வுபெற்ற ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி வந்து, குழலைப் பிடிப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். பேராசிரியரும் விஞ்ஞானியும் தொழிலாளியும் சேர்ந்து நின்ற அந்த இடத்திலிருந்துதான் ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் உலகெங்கும் பரவியது.

அறிந்திருக்க வேண்டிய சிலர்

டேல் சிஹூலி (பிறப்பு 1941): லிட்டில்டனின் மாணவர். 1968இல் முரானோவின் வெனினி கூடத்துக்குச் சென்று, பலர் குழுவாக வேலை செய்யும் முறையைக் கண்டு வந்தார். 1971இல் வாஷிங்டன் மாநிலத்தில் பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1976இல் நேர்ந்த கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். சில ஆண்டுகளில் தோள்பட்டையிலும் காயம் ஏற்படவே, ஊதுகுழலைப் பிடிப்பதையே விட்டுவிட்டார். அதன்பின் அவர் வண்ணத்தில் வரைந்து காட்டுவார், குழுவினர் செய்வார்கள். பூர்வகுடிகளின் கூடைகளைப் பார்த்து அவர் உருவாக்கிய ‘கூடைகள்’ வரிசையின் கிண்ணங்கள், பழைய கூடைகளைப் போலவே சாய்ந்தும் குழிந்தும் இருக்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் தொங்கும் பெரிய சரவிளக்கும் அவருடையதே.

லினோ தலியாபியெத்ரா (பிறப்பு 1934): முரானோவில் பிறந்தவர். சிறுவனாக உலைக்கூடத்தில் நுழைந்து, இருபது வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே ‘மயெஸ்த்ரோ’ எனப்படும் ஆசான் நிலையை எட்டினார். 1979இல் பில்சக் பள்ளிக்கு வந்து, தன் தீவு நூற்றாண்டுகளாகப் பொத்திவைத்த நுட்பங்களை அமெரிக்க மாணவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஊரில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. மெல்லிய வண்ணக் கண்ணாடிக் கம்பிகளை அடுக்கி உருக்கி, துணியில் நெய்த கோடுகளைப் போலப் பாத்திரத்தில் ஓடவிடுவதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு.

ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002), யாரொஸ்லாவா பிரிக்தோவா (1924–2020): செக் நாட்டுத் தம்பதியர். இவர்கள் ஊதுவதில்லை, அச்சில் வார்ப்பார்கள். கணவர் வரைவார், மனைவி களிமண்ணில் வடிவமைப்பார். கண்ணாடியின் தடிமன் மாறும்போது ஒளியின் அடர்த்தியும் மாறும் என்பதையே இவர்கள் தம் சிற்பங்களின் மொழியாக்கிக் கொண்டனர்.

டூட்ஸ் ஸின்ஸ்கி: முடிபோன்ற மெல்லிய கண்ணாடி இழைகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, சூளையில் உருக்கி ஒட்டவைத்து, மடிப்பு மடிப்பான கிண்ணங்களாக்குகிறார். தூரத்தில் நின்று பார்த்தால் பட்டுத் துணி போலத் தெரியும்.

பிரெஸ்டன் சிங்கிள்டரி: அலாஸ்காவின் டிலிங்கிட் பூர்வகுடி மரபைச் சேர்ந்தவர். தம் முன்னோர் மரத்தில் செதுக்கிய வடிவங்களைக் கண்ணாடியில் கொண்டுவருகிறார்.

ஃபெலெக்‌ஷான் ஓனார்: இஸ்தான்புல் கலைஞர். பறக்க முடியாமல் அமர்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளைக் கண்ணாடியில் செய்து, சிரிய அகதிகளின் நிலையை உணர்த்தினார். அவை 2018இல் பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில், அலெப்போ நகர வீடொன்றிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பழைய மர அறையில் வைக்கப்பட்டன. அந்த அறையும் ஊரைவிட்டுப் போனது, மக்களும் ஊரைவிட்டுப் போனார்கள்.

இங்கே வாசகர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். உயிரினங்களின் உருவச் சிற்பங்கள் குறித்த மார்க்கச் சட்டம் தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். மேலே சொன்ன படைப்புகளில் பெரும்பாலானவை பாத்திரம், அலை, கோடு, ஒளி ஆகியவற்றை மட்டுமே கருவாகக் கொண்டவை என்பதைக் குறிப்பிடுவது இங்கே போதுமானது.

அணையும் உலைகள்

பலஸ்தீனின் அல்-கலீல் (ஹெப்ரான்) நகரின் பழைய பகுதியில் ‘ஹாரத்துல் கஸ்ஸாஸீன்’, அதாவது கண்ணாடிக்காரர்கள் தெரு, இன்றும் பெயரளவில் உள்ளது. அங்கு செய்யப்பட்ட மணிகளும் வளையல்களும் ஒரு காலத்தில் எகிப்து வரை போயின. இன்று எஞ்சியிருக்கும் சில குடும்பங்கள் பழைய பாட்டில்களை உடைத்து உருக்கி நீலக் கிண்ணங்களை ஊதுகின்றன. ஆக்கிரமிப்பும் சோதனைச் சாவடிகளும் யாத்திரிகர் வரவைக் குறைத்துவிட்டன. வாங்க ஆளில்லாத ஊரில் உலையை எரியவிடுவது எளிதல்ல.

சிரியாவின் பாரம்பரிய கண்ணாடி ஊதும் கலையை யுனெஸ்கோ 2023இல், ‘அவசரமாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை’ என்ற பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில் செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் நாடுகளின் கைவினைக் கண்ணாடியும் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்றது, ஆனால் அது பொதுவான பட்டியலில். ஒரே கலை, ஒரே ஆண்டு. ஓரிடத்தில் பெருமைக்குரிய மரபு, அது பிறந்த இடத்தில் ஆபத்தில் இருக்கும் மரபு.

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் செய்யப்பட்ட சிறு கண்ணாடி மணிகள் பண்டைக் காலத்திலேயே கடல் கடந்து சென்றன. இன்று நம் பெண்களின் கைகளில் குலுங்கும் வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோஸாபாத்திலிருந்து வருகிறது. அங்குள்ள கைவினைஞர்களில் முஸ்லிம்கள் கணிசமாக உள்ளனர். உலை வெக்கையில் நாள் முழுக்க நிற்கும் அவர்களை யாரும் கலைஞர் என்று அழைப்பதில்லை.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

கையால் ஊதப்பட்ட பாத்திரத்தின் அடியில், இரும்புக் கம்பியிலிருந்து பிரித்த வடு பெரும்பாலும் இருக்கும். சிலர் அதைத் தேய்த்து மழமழப்பாக்கியிருப்பார்கள். இயந்திரப் பாத்திரத்தில் அச்சின் இணைப்புக் கோடு பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும். ஜோடியாக வாங்கிய இரண்டு கிண்ணங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தால் சற்றுச் சந்தேகிக்கலாம். குமிழ்கள் இருப்பது மட்டும் கைவேலைக்கு ஆதாரமல்ல, அதையும் இயந்திரத்தில் உண்டாக்க முடியும். முரானோ பெயரில் போலிகள் மிகுந்ததால், வெனெத்தோ மாகாண அரசு 1994இல் சட்டமியற்றி ஒரு தனி முத்திரையை ஏற்படுத்தியது.

அலங்காரப் பாத்திரத்தில் கொதிநீரை ஊற்றக்கூடாது. ஈயம் கலந்த கிரிஸ்டல் குடுவைகளில் பழச்சாறு, வினிகர் போன்ற புளிப்புப் பொருட்களைச் சேமித்து வைக்கவே கூடாது, ஈயம் அதில் கசியும்.

யார் செய்தது?

மம்லூக் விளக்குகளில் அதைச் செய்வித்த சுல்தானின் பெயர் இருக்கும். ஊதியவரின் பெயரைக் காண்பது அரிது. இன்றைய புகழ்பெற்ற படைப்புகளில் கலைஞரின் கையொப்பம் இருக்கும். உலையில் வியர்த்த குழுவினரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அல்-கலீலின் நீலக் கிண்ணத்தில் எந்தப் பெயருமே இராது.

உழைத்தவரின் கூலியை வியர்வை உலரும் முன் கொடுத்துவிட வலியுறுத்தும் நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். கூலியில் பணம் மட்டுமல்ல, அங்கீகாரமும் அடங்கும். ஒரு கைவினைப் பொருளை வாங்கும்போது, இதை யார் செய்தார், எந்த ஊரில் செய்தார், அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஹஜ், உம்ரா, பைத்துல் முகத்தஸ் பயணம் செல்வோர் நினைவுப் பொருள் வாங்கும்போது, தொழிற்சாலைச் சரக்கு ஐந்தை விட்டுவிட்டு, கையால் செய்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தக் கேள்வியும் அந்த ஒரு கிண்ணமும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் உலையை இன்னும் சில நாள் எரியவைக்கும், இன்ஷா அல்லாஹ்.